கொழுந்து எடை நோட்டும் கைக்காசு மென்பொருளும்

கோத்தகிரிப் பக்கமோ மஞ்சூர்ப் பக்கமோ மழைநாள் சாயங்காலம் ஒரு பசுந்தேயிலை எடை ஷெட்டில் போய் அரை மணி நேரம் நின்று பாருங்கள். தகரக் கூரைக்குக் கீழே தொங்குதராசு, அதன் கொக்கியில் நனைந்த சாக்கு. சிறு விவசாயிகளின் இலையை எடை போட்டு வாங்கித் தொழிற்சாலைக்குக் கொடுக்கும் இலை ஏஜென்ட் சாக்கை ஆடாமல் பிடித்துக்கொண்டு எண்ணைச் சொல்வார். பக்கத்தில் ஒருவர் நீள நோட்டில் எழுதுவார். இலை கொண்டுவந்தவர் தன் சின்னப் புத்தகத்தை நீட்ட, அதிலும் அதே எண் ஏறும். “நாப்பத்தெட்டு எட்டு. ரெண்டு சாக்கு. ஈரம் அஞ்சு.” பேச்சு அவ்வளவுதான்.

கோடிங் தெரியாமல், யாரிடமும் முதலீடு வாங்காமல், மென்பொருள் தொழில் தொடங்க முடியுமா என்று மலையில் இருக்கும் இளைஞர்கள் நிறையப் பேர் கேட்கிறார்கள். முடியும். அதற்கான வழி அந்த மூன்று துண்டுப் பேச்சில் இருக்கிறது. சாக்கின் எடை எவ்வளவு கழிப்பார்கள், ஈரக் கழிவு சாக்கைக் கழித்த பிறகா அதற்கு முன்பா, மிச்சம் வரும் கிராமை மேலே ஏற்றுவார்களா வெட்டுவார்களா என்பதெல்லாம் பெங்களூரில் உட்கார்ந்திருக்கும் நல்ல புரோகிராமருக்கு ஆறு மாதம் ஆனாலும் தெரியவராது. ஷெட்டில் நிற்பவருக்கு ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். கோட் எழுத ஆள் கிடைப்பார்கள், கருவிகளும் இருக்கின்றன. நோட்டைப் படிக்கத் தெரிந்தவர்தான் கிடைப்பதில்லை. இந்தக் கட்டுரை முழுக்க ஒரே உதாரணம்தான்: இலை ஏஜென்டுகளுக்கான கணக்கு மென்பொருள். உங்கள் தொழில் வேறாக இருந்தால் பெயர்களை மாற்றிக்கொள்ளுங்கள், வரிசை அதுவேதான்.

ஏன் ஹோம்ஸ்டேக்கான மென்பொருள் இல்லை என்று கேட்பீர்கள். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். ஆனால் அறை முன்பதிவுக்கு உலகம் முழுக்கப் பெரிய நிறுவனங்கள் மென்பொருள் விற்கின்றன. நான்கு அறை வைத்திருப்பவருக்குக் கூட்டம் சில மாதங்கள்தான், மற்ற நாளில் டைரியே போதும். கேரட், உருளைக்கிழங்கு மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகிறது. அங்கே கணக்கை வைத்திருப்பவர் மண்டிக்காரர், அவரிடம் ஏற்கெனவே ஏதோ ஒரு மென்பொருள் இருக்கும். பழனி மலையில் தாண்டிக்குடிப் பக்கம் காபிக் கணக்கு நல்ல வாய்ப்பு. ஆனால் பழமாக எடை போட்டதும் காய்ந்த பிறகு எடை போட்டதும் வேறு வேறு கணக்கு, ஆண்டுக்கு ஒரு பருவம்தான். பசுந்தேயிலை அப்படியில்லை. வருடம் முழுக்க இலை வரும், மாதாமாதம் கணக்கு முடிக்க வேண்டும், 10 ரூபாய் தவறினாலும் சண்டை வரும். தினமும் எழுதி, மாதம் ஒரு முறை கூட்டி, தப்பினால் மானம் போகும் கணக்கு எங்கே இருக்கிறதோ அங்கே மென்பொருளுக்குக் காசு கொடுப்பார்கள்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு, வெளியாட்கள் முதலில் சறுக்குவது இங்கேதான். இலையை எடை போடும்போது அதன் விலை தெரியாது. ஏலத்தில் தேயிலைத் தூள் போன சராசரி விலையை வைத்து, விவசாயிக்கு 65, தொழிற்சாலைக்கு 35 என்ற பங்கீட்டில் தேயிலை வாரியம் மாதந்தோறும் பசுந்தேயிலைக்கு ஒரு விலையை அறிவிக்கிறது. 1 கிலோ தூளுக்குச் சுமார் 4 முதல் 4.5 கிலோ இலை போகும் என்பதால் தூள் விலைக்கும் இலை விலைக்கும் அவ்வளவு தூரம். தொழிற்சாலை கொடுக்கும் ரேட்டும் பிறகுதான் உறுதியாகும். அதுவரை அட்வான்ஸ்தான். ஆகவே ஒவ்வொரு எடைக்கும் பக்கத்தில் விலையைச் சேமிக்கும் எந்தக் கடை பில்லிங் மென்பொருளும் இங்கே உதவாது. எடை தனியாக, மாத ரேட் தனியாக இருக்க வேண்டும். ரேட்டை ஒரு இடத்தில் மாற்றினால் அந்த மாதத்தின் எல்லா வரியும் மாற வேண்டும். அதற்கு மேல் தொழிற்சாலை சில மாதம் கழித்துக் கிலோவுக்கு 50 பைசா கூடுதலாகக் கொடுத்தால், பூட்டிய மாதத்தைத் திறக்காமலே அதைச் சேர்க்க வழி வேண்டும்.

முதல் வேலை நோட்டு நகல். மூன்று ஏஜென்டுகளிடம் போன மாத நோட்டை ஒரு நாள் வாங்கி, ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மூவரும் ஒரே தொழிற்சாலைக்கு இலை போடுபவர்களாக இருந்தால் நல்லது, வழக்கம் ஒத்துப்போகும். ஒரு ஏஜென்டிடம் 80 விவசாயிகள், ஆளுக்கு மாதம் 6 எடை என்று வைத்தால் 480 வரி. மூன்று பேருக்கும் சேர்த்து 1,440 வரியை நீங்களே உட்கார்ந்து டைப் செய்யுங்கள். ஆள் வைத்துச் செய்யாதீர்கள். தட்டும்போதுதான் ஓரத்தில் கிறுக்கியிருப்பதெல்லாம் கண்ணில் படும்: “மனைவி பேரில்”, “சாக்கு பாக்கி 3”, “உரம் 2 மூட்டை”, “பறிகூலி கொடுத்தது”, “தூள் 1 கிலோ”, “பேக்டரியில் 28 குறைவு”. ஒவ்வொரு கிறுக்கலும் உங்கள் மென்பொருளில் ஒரு இடம் பிடிக்கும்.

அந்த “28 குறைவு” என்பதை மட்டும் கொஞ்சம் பாருங்கள். ஷெட்டில் அன்று மொத்தம் 1,240 கிலோ. தொழிற்சாலைத் தராசில் 1,212. வழியில் தண்ணீர் வடிந்திருக்கலாம், இரண்டு தராசும் ஒத்துப்போகாமல் இருக்கலாம், சாக்குக் கழிவை அங்கே வேறு மாதிரி கணக்கிட்டிருக்கலாம். இந்த 28 கிலோவை யார் தாங்குவது? சிலர் தங்கள் கமிஷனில் தாங்குவார்கள். சிலர் அன்று இலை போட்ட எல்லோருக்கும் எடை விகிதப்படி பிரித்துவிடுவார்கள். இரண்டும் நடைமுறையில் இருக்கிறது. இரண்டுக்கும் வசதி வைக்காமல் விற்கப் போனால் இரண்டாவது ஏஜென்டே வேண்டாம் என்பார்.

பெயர் அடுத்த தலைவலி. ஒரே ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், ஒரே பெயரில் நான்கு பேர் இருப்பார்கள். பெயரை வைத்துத் தேட விட்டால் ஒருவர் இலை இன்னொருவர் கணக்கில் ஏறும். விவசாயி கையில் இருக்கும் புத்தகத்தின் எண்தான் அடையாளம். அந்த எண்ணைத் தட்டினால் பெயரும் ஹட்டியும் பெரிய எழுத்தில் திரையில் வர வேண்டும். எடை போடுபவர் அதை வாய்விட்டுப் படித்தாலே பாதித் தப்பு அங்கேயே நின்றுவிடும்.

முதல் மாதம் மென்பொருளே வேண்டாம். கூகுள் ஷீட்டில் நான்கு தாள்கள்: உறுப்பினர், எடை, பிடித்தம், மாத ரேட். தினமும் ராத்திரி ஏஜென்ட் நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பட்டும், நீங்கள் ஏற்றுங்கள். மாதக் கடைசியில் குறிப்பிட்ட ஆளின் வரிகளை மட்டும் கூட்டும் சம்இஃப்ஸ் (SUMIFS) என்ற ஃபார்முலா ஒன்றை வைத்தே ஆளுக்கொரு பில் எடுத்துவிடலாம். இதற்குக் காசு வாங்குங்கள். இலவசமாகச் செய்தால் “நல்லா இருக்கு தம்பி” என்பார்கள், அதை நம்பி ஒன்றும் கட்ட முடியாது. மாதம் 500 ரூபாய் கொடுத்தவர் அடுத்த மாதமும் கொடுத்தால் அந்த வலி உண்மை. மூவரில் இரண்டு பேராவது மூன்றாம் மாதமும் கொடுக்கவில்லையென்றால் அதோடு நிறுத்திவிட்டு வேறு நோட்டைத் தேடுங்கள். அதுவரை உங்களுக்குப் போயிருப்பது பஸ் காசும் தூக்கமும்தான்.

ஷீட்டைத் திறந்ததும் செட்டிங்ஸில் போய் நாடு இந்தியா என்றும் நேரம் இந்திய நேரம் என்றும் மாற்றுங்கள். அமெரிக்காவில் விட்டுவிட்டால் 05/06 என்று அடித்தது மே 6 ஆகிவிடும். 13/06 தேதியாகவே ஏறாமல் வெறும் எழுத்தாக நிற்கும். மாதம் பாதி வரை எல்லாம் சரியாக இருப்பதுபோல் தெரியும், கூட்டும்போதுதான் இலை காணாமல் போயிருக்கும்.

இனி கிராம் கணக்கு. மேலே சொன்ன 48.8 கிலோவை எடுத்துக்கொள்வோம். சாக்கு ஒன்றுக்கு 400 கிராம், இரண்டுக்கு 0.8. மிச்சம் 48.0. ஈரக் கழிவு 5 சதவீதம், 2.4. நிகர எடை 45.6. ஈரத்தை முதலில் கழித்துப் பிறகு சாக்கைக் கழித்தால் 45.56 வரும். வித்தியாசம் 40 கிராம்தான், ஆனால் விவசாயியின் புத்தகத்தில் ஒரு எண்ணும் பில்லில் ஒரு எண்ணும் இருந்தால் அந்த 40 கிராமுக்காக உங்கள் மென்பொருளையே தூக்கி எறிவார்கள். அடுத்தது வெட்டு. 45.6 என்பதை 45 என்று எழுதுவது பல இடத்தில் பழக்கம். சராசரியாக வரிக்கு அரைக் கிலோ போகும். 480 வரிக்கு 240 கிலோ. கணக்குக்காகக் கிலோ 20 ரூபாய் என்று வைத்தால் ஒரு ஷெட்டில் மாதம் 4,800 ரூபாய்.

இந்தக் காசு யாருடையது என்று நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். ஆனால் விவசாயிக்கு அச்சிட்டுக் கொடுக்கும் சீட்டில் மொத்த எடை, சாக்கு, ஈரம், நிகரம் நான்கும் தனித்தனியாக அச்சாக வேண்டும். நிகரத்தை மட்டும் காட்டச் சொல்லி ஒரு ஏஜென்ட் கேட்டால் மறுத்துவிடுங்கள். தராசுக்கு ஆண்டுதோறும் எடையளவுத் துறை முத்திரை வைக்கிறது. அந்தத் தராசு காட்டிய எண்ணை மாற்றாமல் அப்படியே வைத்திருப்பது உங்கள் மென்பொருளின் கடமை. அரை ஏக்கரும் ஒரு ஏக்கரும் வைத்திருப்பவர்கள் நம்பி நீட்டும் புத்தகம் அது. அவர்களுடைய நம்பிக்கை போய்விட்டால் ஏஜென்டுக்கும் உங்களுக்கும் சேர்த்தே பெயர் கெடும், மலையில் அந்தப் பேச்சு ஒரே நாளில் அடுத்த ஹட்டிக்குப் போய்விடும்.

மூன்று மாதம் ஷீட்டில் ஓடிய பிறகு ஆப். கோட் எழுதாமல் செய்ய ஆப்ஷீட், ஸோஹோ கிரியேட்டர், கிளைடு, பபிள் என்று பல இருக்கின்றன. மலைக்கு ஒரே ஒரு கேள்வி கேட்டாலே வடிகட்டிவிடலாம்: சிக்னல் இல்லாமல் பதிவு ஏறுமா? குந்தாப் பள்ளத்தாக்கிலும் கூடலூர், பந்தலூரிலும் ஷெட் இருக்கும் இடத்தில் ஒரு கோடு சிக்னல் வந்துபோகும். மரம் விழுந்து கரண்ட் போனால் டவரும் போகும். ஆப்ஷீட் போனிலேயே பதிவை வைத்துக்கொண்டு சிக்னல் வந்ததும் அனுப்பும், ஏற்கெனவே இருக்கும் ஷீட்டின் மேலேயே உட்காரும். அதனால் இந்த வேலைக்கு முதல் தேர்வு அதுதான். கட்டணம் ஒரு லாகினுக்கு மாதம் 5 டாலரில் தொடங்குகிறது. ஏஜென்டுக்கு ஒன்று, எழுதுபவருக்கு ஒன்று என்று ஷெட்டுக்கு இரண்டு வைத்துக் கணக்குப் போடுங்கள்.

ஆப்ஷீட்டில் எல்லோரும் விழும் குழி ஒன்று. ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு அடையாளம் வேண்டும் என்று கேட்கும். கண்டுகொள்ளாமல் விட்டால் சில நேரம் ஷீட்டின் வரிசை எண்ணையே அடையாளமாக எடுத்துக்கொள்ளும். நடுவில் யாராவது ஒரு வரியை நீக்கினால் கீழே இருப்பதெல்லாம் ஒரு படி மேலே ஏறும், ராமனுக்குப் போட்ட திருத்தம் அடுத்தவர் எடையில் விழும். அடையாளத்துக்குத் தனி நெடுவரிசை வைத்து, அதன் ஆரம்ப மதிப்பாக யுனிக்ஐடி ஃபார்முலாவைக் கொடுங்கள். பதிவு பிறக்கும் அந்த நொடியில், போனிலேயே, அடையாளமும் பிறக்க வேண்டும். சர்வர் பிறகு கொடுக்கும் வரிசை எண்ணை நம்பினால், சிக்னல் இல்லாத இரண்டு போன்களும் ஒரே எண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

இன்னொன்று: நீக்கு பட்டனையே எடுத்துவிடுங்கள். தப்பாக ஏறியது என்றால் அதே அளவுக்கு எதிர்ப்பதிவு, காரணம் ஒரு சொல். மாதம் முடிந்து பில் கொடுத்தவுடன் அந்த மாதத்தைப் பூட்டுங்கள். ஆறு மாதம் கழித்து யாராவது வந்து கேட்டால் அன்று காட்டிய அதே தொகையைக் காட்ட முடிய வேண்டும்.

திரையைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. ஈரக் கையால் டச் ஸ்கிரீன் வேலை செய்யாது. அலுவலகத்தில் உட்கார்ந்து செய்யும் எந்த டெமோவிலும் இது தெரியாது. எண் பட்டன்கள் விரல் அகலத்துக்கு மேல் இருக்கட்டும், ஒரு திரையில் ஒரே கேள்வி, தசமப் புள்ளிக்குத் தனியாக ஒரு பெரிய பட்டன். புளூடூத்தில் இணையும் சின்ன நம்பர் கீபேட் ஒன்று இருந்தால் மழைக்காலத்துக்கு நிம்மதி. ஒரு சாக்குக்கு 10 விநாடிக்கு மேல் ஆனால் வரிசை நீளும், நோட்டு திரும்ப வந்துவிடும். ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்து பாருங்கள்.

சீட்டு அச்சிட 58 மில்லிமீட்டர் புளூடூத் தெர்மல் பிரின்டர் போதும். வாங்கி ஆன் செய்து தமிழில் அனுப்பினால் கட்டம் கட்டமாகவோ கேள்விக்குறியாகவோ வரும், அந்த பிரின்டருக்குத் தமிழ் எழுத்துரு கிடையாது. சீட்டை முதலில் படமாக மாற்றி அந்தப் படத்தை அனுப்ப வேண்டும். இந்த அளவு பிரின்டரில் ஒரு வரிக்கு 384 புள்ளிகள். படத்தின் அகலம் சரியாக 384 இருந்தால் எழுத்து கூர்மையாக விழும், வேறு அகலத்தில் கொடுத்துச் சுருக்க விட்டால் புள்ளியும் கொம்பும் கலங்கிவிடும். ஆண்ட்ராய்டில் ராபிடி போன்ற இடைநிலை ஆப் ஒன்று இந்த வேலையைச் செய்கிறது. மாத பில்லைப் பிடிஎஃப் ஆக்கும்போதும் இதே தொல்லை வேறு உருவத்தில் வரும். சில பிடிஎஃப் கருவிகளில் ‘கொ’ என்பது மூன்று துண்டாகப் பிரிந்து நிற்கும், ‘கெ’ இடம் மாறும். பில்லை இணையப் பக்கமாக அமைத்து குரோம் வழியாகப் பிடிஎஃப் எடுத்தால் எழுத்து ஒழுங்காக வரும். தெர்மல் தாளில் அச்சு நாளாக நாளாக மங்கும், ஆகவே சின்னப் புத்தகத்தில் பேனாவால் எழுதுவதை நிறுத்தச் சொல்லாதீர்கள்.

ஒரு ஏஜென்டுக்கு ஆண்டுக்கு 5,760 வரி. பத்துப் பேர் வரை ஆளுக்கொரு ஷீட் என்று ஓட்டலாம். அதற்கு மேல் போனால், ஈரக் கழிவில் ஒரு திருத்தம் வந்தாலும் பத்து ஷீட்டிலும் கையால் மாற்ற வேண்டும், ஒன்றில் மறந்துவிடும். எல்லோரையும் ஒரே ஷீட்டில் போட்டால் ஒருவர் கணக்கு இன்னொருவர் கண்ணில் படும் ஆபத்து, வேகமும் குறையும். முப்பது பேர் என்றால் ஆண்டுக்கு 1,72,800 வரி. அப்போது உண்மையான டேட்டாபேஸ் வேண்டும். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் இலவசம், நம்பகமானது. கோட் எழுத ஆளோ செயற்கை நுண்ணறிவுக் கருவியோ தேவைப்படும் கட்டமும் இதுதான்.

கோட் தெரியாதவர் கோடை எப்படிச் சரிபார்ப்பது? விடைத்தாள் வைத்து. நீங்கள் கையால் டைப் செய்து, பில் கொடுத்து, யாரும் சண்டைக்கு வராத ஒரு முழு மாதம் உங்களிடம் இருக்கிறது. அந்த 480 வரியையும் புது மென்பொருளில் ஏற்றினால் 80 பில்லும் பைசா பிசகாமல் பழைய பில்லோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாத ஒன்று இருந்தாலும் பணம் கிடையாது என்று வேலையைக் கொடுக்கும்போதே எழுதிக்கொள்ளுங்கள். இதோடு வம்பான 40 வரிகளைத் தனியாகச் சேர்த்து வையுங்கள்: ஒரே நாளில் இரண்டு எடை, எதிர்ப்பதிவு, ரேட் வராத மாதம், கணக்கு மைனஸில் போகும் விவசாயி, மாத நடுவில் புத்தக எண் மாறியவர், பிப்ரவரி 29. வேலையாள் மாறினாலும் கருவி மாறினாலும் விடைத்தாள் மாறாது. எல்லாவற்றையும்விட இதைப் பத்திரமாக வைத்திருங்கள்.

விடைத்தாளில் சில பில் மட்டும் ஒரு பைசா, இரண்டு பைசா இடித்தால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். கம்ப்யூட்டர் தசம எண்களை உள்ளே இரும எண்ணாக வைத்திருக்கும், 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் அதற்குச் சரியாக 0.3 வராது. எடையைக் கிராமாகவும் பணத்தைப் பைசாவாகவும் முழு எண்ணில் சேமித்து, அச்சிடும்போது மட்டும் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். நேர்முகத்தில் இதைக் கேட்டுப் பாருங்கள். உடனே தலையாட்டுபவர் கணக்கு மென்பொருள் செய்திருக்கிறார்.

டொமைன் (இணைய முகவரி), சர்வர், கோடைச் சேமிக்கும் கிட்ஹப், ஆப்பை வெளியிடும் பிளே கன்சோல் நான்கும் உங்கள் மின்னஞ்சலில், உங்கள் போன் எண்ணில் இருக்க வேண்டும். கோட் எழுதுபவரை அழைத்துச் சேர்க்கலாம், உரிமையாளர் நீங்கள்தான். “என் கணக்கிலேயே போட்டுடறேன் அண்ணா, அப்புறம் மாத்திக்கலாம்” என்பவர் நல்லவராகவே இருப்பார், ஆனால் வெளிநாடு போய்விட்டால் உங்கள் தொழில் அவர் பாஸ்வேர்டில் இருக்கும். கட்டணத்தை நான்கு தவணையாகப் பிரியுங்கள், கடைசித் தவணை ஒரு மாத இறுதி நல்லபடி முடிந்த பிறகு. பிளே ஸ்டோரில் கணக்குத் தொடங்க ஒரே ஒரு முறை 25 டாலர். தனிநபர் பெயரில் புதிதாகத் தொடங்கினால் வெளியிடுவதற்கு முன் 12 பேர் 14 நாள் தொடர்ந்து சோதித்திருக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. இதை மறந்துவிட்டு அறிமுகத் தேதியைச் சொல்லிவிடாதீர்கள்.

செயற்கை நுண்ணறிவுக் கருவியை வைத்தே எழுதலாமா என்றால், எழுதலாம். ஒரு நேரத்தில் ஒரு சின்ன வேலை, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் விடைத்தாளை ஓட்டிப் பார்ப்பது, ஒத்துப்போனால் மட்டும் சேமிப்பது. “முழு ஆப்பையும் செய்து கொடு” என்றால் பார்க்க அழகாக ஒன்று வரும், மூன்றாம் மாதம் அதில் ஒரு திருத்தம் செய்தால் வேறு எங்கோ உடையும். விவசாயிகளின் உண்மைப் பெயர், வங்கிக் கணக்கு எண், செல்போன் எண் எதையும் அந்தக் கருவியில் ஒட்டாதீர்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023-இல் சட்டமே வந்துவிட்டது.

காசுக்கு வருவோம். ஆப் ஓடத் தொடங்கிய முதல் ஆறு மாதம், மூன்று ஏஜென்டுகள், என் கணக்கில்: ஆறு லாகினுக்கு ஆப்ஷீட் சுமார் 15,600, பழைய ஆண்ட்ராய்டு போன் இரண்டு 12,000, பிரின்டர் இரண்டு 6,000, பஸ், ஜீப் 18,000, டொமைனும் மின்னஞ்சலும் 3,000, தாள் சுருள், அட்டை 2,000, ஆடிட்டரிடம் ஆலோசனை 5,000. ஏறக்குறைய 62,000 ரூபாய். உங்கள் சாப்பாட்டுச் செலவு இதில் இல்லை. வேலையை விட்டுவிட்டு இறங்க வேண்டிய தொழில் அல்ல இது. முதல் ஆண்டு வேறு வருமானம் இருக்கட்டும்.

விலை: மாதம் 600, ஆண்டுக்கு மொத்தமாகக் கொடுத்தால் 6,000. ஆண்டுக் கட்டணத்தையே வலியுறுத்துங்கள். 25 ஏஜென்டுகள் முன்பணமாகக் கொடுத்தால் 1,50,000. டேட்டாபேஸ் வேலைக்கான முதல் அதுதான். வட்டி இல்லை, பங்கு கேட்கவும் ஆள் இல்லை. 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய ஸோஹோ இன்றுவரை வெளி முதலீடு இல்லாமல் வளர்ந்தது வாடிக்கையாளர் கொடுத்த காசில்தான். அளவு வேறு, வழி ஒன்று. புதுப்பிக்கும் மாதத்தை இலை பார்த்து வையுங்கள். கோடை மழை விழுந்து ஏப்ரல், மே மாதங்களில் இலை குவியும்போது ஏஜென்ட் கையில் பணம் புழங்கும். ஜனவரியில் உறைபனி விழுந்து இலை கருகிக் கிடக்கும்போது கேட்டால், தர மனம் இருந்தாலும் கையில் இருக்காது.

100 ஏஜென்டுகள் என்றால் ஆண்டுக்கு 6 லட்சம். ஒரு குடும்பத்துக்கும் ஒரு உதவியாளருக்கும் போதும், பெரிய கம்பெனி ஆகாது. அடுத்த படி தொழிற்சாலை: ஒரு தொழிற்சாலை தன்னுடைய ஏஜென்டுகள் எல்லோருக்கும் சேர்த்து வாங்கினால் நல்ல தொகை வரும். ஆனால் அவர்கள் கூடவே நூறு மாற்றங்கள் கேட்பார்கள். வேறு இரண்டு வாடிக்கையாளர்களுக்கும் பயன்படும் மாற்றம் என்றால் இலவசமாகச் செய்யுங்கள், அவர்களுக்கு மட்டும் என்றால் தனிக் கட்டணம் சொல்லுங்கள். வருமானத்தில் பாதிக்கு மேல் ஒரே தொழிற்சாலையிலிருந்து வர விட்டால், மாதச் சம்பளம் வாங்காமலே நீங்கள் அவர்களுடைய ஊழியராகிவிடுவீர்கள்.

பதிவு விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடலாம். தனியாள் நிறுவனம் (புரொப்ரைட்டர்ஷிப்), ஒரு கரன்ட் அக்கவுன்ட், சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு. உத்யம் அரசு தளத்தில் இலவசம்; ஆயிரம் ரூபாய் கேட்கும் தளங்கள் இடைத்தரகர்கள். சேவைக்கு ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை, பதிந்தால் 18 சதவீதம் சேர்த்து பில் போட வேண்டும். பிரைவேட் லிமிடெட் முதல் நாளே வேண்டாம், வரவே இல்லாவிட்டாலும் ஆண்டுதோறும் தணிக்கை கட்டாயம். பணம் வாங்க யுபிஐ க்யூஆர் போதும், கட்டணம் கிடையாது. இருவர் சேர்ந்து தொடங்கினால், ஒருவர் விலகினால் என்ன என்பதை முதல் ரூபாய் வருவதற்கு முன் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

எஸ்எம்எஸ் ஆசையை ஒத்திப்போடுங்கள். வணிக எஸ்எம்எஸ் அனுப்ப நிறுவனம், தலைப்பு, வாசகம் மூன்றையும் தொலைபேசி நிறுவனங்களின் டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் பதிய வேண்டும். வாசகத்தில் ஒரு சொல் மாறினாலும் செய்தி போகாது. மென்பொருளே தானாக அனுப்பும் வாட்ஸ்அப் ஏபிஐயில் வாசகத்துக்கு ஒப்புதல் வாங்க வேண்டும், செய்திக்கு இவ்வளவு என்று கட்டணமும் உண்டு. ஏஜென்டின் போனிலேயே ஷேர் பட்டனை அழுத்தி அவரே தன் விவசாயிக்கு பில்லை அனுப்பினால் செலவே இல்லை. தெரிந்த எண்ணிலிருந்து வருவதால் பிரித்தும் பார்ப்பார்கள்.

விற்கப் போகும் நேரம் காலை 11 மணி. எடை நேரத்தில் போய்ப் பேசுபவரை யாருக்கும் பிடிக்காது. முதல் பத்து வாடிக்கையாளர்களும் ஒரே பஸ் ரூட்டில் இருக்கட்டும். கோத்தகிரியில் ஒன்று, அய்யன்கொல்லியில் ஒன்று என்று பிடித்தால் ஒரு பிரின்டர் கோளாறுக்கு ஒரு நாள் முழுக்கப் போகும். மாதம் 25-ஆம் தேதியிலிருந்து அடுத்த மாதம் 10 வரை மென்பொருளில் ஒரு எழுத்துகூட மாற்றாதீர்கள். ஏஜென்டுகள் கணக்கு முடித்துப் பட்டுவாடா செய்யும் நாட்கள் அவை, அந்த நாட்களில் உங்கள் வேலை போன் எடுப்பது மட்டும்தான். தினமும் பேக்கப் எடுப்பதோடு, மாதம் ஒரு முறை அந்தப் பேக்கப்பைப் புது போனில் திறந்து நேற்று மாலை எடை வரை வருகிறதா என்று பாருங்கள். போன் ஓடையில் விழுந்த அன்று இதை முதல் முறையாகச் செய்து பார்க்கக்கூடாது.

கடைசியாக, நோட்டு எழுதும் ஆள். பெரும்பாலும் ஏஜென்டின் மனைவியோ அக்கம்பக்கத்துப் பெண்ணோதான், மாதச் சம்பளத்துக்கு. ஆப் வருகிறது என்றால் முதலில் பயப்படுவது அவர்தான். ஏஜென்டிடம் மட்டும் பேசி விற்றுவிட்டு வந்தால், முதல் வாரமே “ஆப் தொங்குது அண்ணா” என்று நோட்டு திரும்பிவிடும். பயிற்சியை அவருக்குக் கொடுங்கள். லாகின் அவர் பெயரில் இருக்கட்டும், சீட்டின் அடியில் எடை எழுதியவர் என்று அவர் பெயர் அச்சாகட்டும். அவர் சொல்லும் குறைகளை முதலில் திருத்துங்கள். இரண்டு மாதம் நோட்டும் ஆப்பும் சேர்ந்தே ஓடட்டும். மாதக் கடைசியில் அவரோடு உட்கார்ந்து நோட்டின் கூட்டலையும் ஆப்பின் கூட்டலையும் புத்தக எண் வரிசையில் ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். 80-இல் நான்கோ ஐந்தோ இடிக்கும். சிலதில் நோட்டின் கூட்டல் தப்பு, சிலதில் அவசரத்தில் தட்டிய எண் தப்பு. ஒவ்வொன்றுக்கும் எதிர்ப்பதிவு போட்டு, காரணத்தை அவர் கையாலேயே எழுதச் சொல்லி, அதன் பிறகு அந்த மாதத்தைப் பூட்டுங்கள்.